வானத்திலும் பாதை உண்டு



வெள்ளிவிழா மேடையில் பள்ளி ஆசிரியன் விமானத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் வியக்கலாம். பிழைப்புத் தேடி விமானம் ஏறும் நம்மவர் தொகை பெருகிவிட்டது. ஆனால் தரையில் அமர்ந்து அவ்விமானத்தை வழிநடத்தும் பணியில் நம்மவர் எத்தனை பேர்? அவ்வினாவே என்னை இத்தலைப்பிற்கு இழுத்து வந்தது.

1996ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மாலை. தில்லியிலிருந்து சவூதி விமானம் ஒன்று 312 பேருடன் மேலெழுந்தது. அவர்களுள் பலர் அரபு நாட்டில் உழைத்துக் குடும்பத்தைக் காக்கச் சென்ற நம் நாட்டுத் தொழிலாளர்கள். அதே வேளையில் கஜகஸ்தான் விமானம் ஒன்று 37 பேருடன் தில்லியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அக்காலத்தில் அங்கு வருவதற்கும் போவதற்கும் வான்வழி ஒன்றே. ஆகவே உயரத்தால் பிரித்தனர். வருவது 15,000 அடியில் நிற்க வேண்டும். போவது 14,000 அடியில் நிற்க வேண்டும். இடையே 1,000 அடி.

கஜகஸ்தான் விமானம் நிற்கவில்லை, மேலும் இறங்கியது. ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு அருகே வானில் இரண்டும் மோதின. 349 பேரும் மாண்டனர்.

கட்டுப்பாட்டாளர் உறங்கினாரா? இல்லை. எதிரே விமானம் வருகிறது என்று எச்சரித்தார். ஆயினும் அவர் முன்னிருந்த ராடார், விமானம் இருக்கும் இடத்தைக் காட்டுமேயன்றி உயரத்தைக் காட்டாது. விமானத்திலிருந்து வரும் வாய்ச்சொல்லே உயரத்திற்குச் சான்று. விசாரித்த நீதிபதி லகோட்டி ஆணையம், குறித்த உயரத்தைக் காக்காமல் இறங்கியதே காரணம் என்றது. அவ்விமானக் குழுவினரின் ஆங்கில அறிவுக் குறைவையும் சுட்டிற்று.

இதனால்தான், கட்டுப்பாட்டாளர் தரும் உயரத்தை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், அவர் அதைச் செவிமடுத்துச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. வகுப்பில் 'புரிந்ததா?' என்று கேட்டால் நாற்பது தலைகளும் அசையும். 'திருப்பிச் சொல்' என்றால் நான்கு வாய் திறந்தால் அதிகம்! தலையசைப்பை நம்பக்கூடாது என்பதை நானும் பட்டே அறிந்தேன்.

அவ்விபத்திற்குப் பின் வழிகள் பிரிக்கப்பட்டன. உயரத்தையும் காட்டும் ராடார் வந்தது. மோதலை முன்னுணர்ந்து விமானிக்கு 'ஏறு', 'இறங்கு' என்றுரைக்கும் கருவி கட்டாயமாயிற்று. கருவி வந்தால் போதுமா? 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் வான்வெளியில் ஒரு விமானத்திற்குக் கருவி 'ஏறு' என்றது. தரையிலிருந்தவரோ 'இறங்கு' என்றார். விமானி தரையின் சொல்லைக் கேட்டு இறங்கினார். எதிர் விமானமும் தன் கருவியின் சொற்படி இறங்கியது. 71 பேர் மாண்டனர். அவ்விரவு அவ்வறையில் இரண்டு திரைகளைக் கவனிக்க ஒரே ஒருவர்தாம் இருந்தார். உடனிருக்க வேண்டியவர் ஓய்வெடுக்கச் சென்றிருந்தார். இருவர் வேலையை ஒருவர் தலையில் கட்டும் வழக்கம் நம் அலுவலகங்களுக்கும் புதிதன்று. அதன்பின், இரண்டும் முரண்பட்டால் கருவியையே பின்பற்றுக என்பது தெளிவாக வரையறுக்கப்பட்டது.

இளைஞர்களே, இப்பணிக்கு இந்திய விமான நிலைய ஆணையம் ஆளெடுக்கிறது. இயற்பியலும் கணிதமும் பயின்ற பி.எஸ்ஸி. பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம், பொறியியல் பட்டமேதான் வேண்டும் என்பதில்லை. பட்டியல் இனத்தவர்க்கு இட ஒதுக்கீடும் வயதுத் தளர்வும் உண்டு. தெளிவான ஆங்கிலப் பேச்சு கட்டாயம். கணிதம் கடினம் என்று பதினோராம் வகுப்பில் பாடப்பிரிவை மாற்றிக்கொள்ளும் பிள்ளைகளின் பெற்றோர், மாற்றுவதற்கு முன் ஒருமுறை என்னை வந்து காண வேண்டுகிறேன். ஞாயிறு காலையில் சங்கக் கட்டடத்தில்தான் இருப்பேன்.