முன்விரோதம் என்று ஒரு சொல், இரண்டு பட்டியல்கள்

(காரைக்குடியில் இளைஞர் வாசிப்பு வட்டம் ஒன்றின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மாதம் ஒருமுறை கூடி நாட்டு நடப்பைப் பேசுகிறீர்கள். மகிழ்ச்சி. என்னை அழைத்த தோழர் ஒரு கேள்வியையும் சேர்த்தே அனுப்பியிருந்தார். "சாதி வன்கொடுமைச் செய்தி வந்தால் இரண்டு நாள் கொதிக்கிறோம். மூன்றாம் நாள் வேறு செய்தி வந்துவிடுகிறது. இதை எப்படித்தான் பேசுவது?" என்பது கேள்வி. எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

நம் மாவட்டத்துச் செய்தியிலிருந்தே தொடங்குகிறேன். 2025 பிப்ரவரி 12 அன்று, மானாமதுரை அருகே மேலப்பிடாவூரில், தலித் கல்லூரி மாணவர் ஒருவரை வழிமறித்துக் கைகளில் வெட்டினார்கள். அவர் புல்லட் ஓட்டியதைப் பொறுக்க முடியாமல்தான் வெட்டினார்கள் என்றது குடும்பம். மூன்று பேர் கைது செய்யப்பட்டார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் வழக்குப் பதிவானது.

உங்கள் செல்பேசியிலும் அது வந்திருக்கும். கீழே வந்த கருத்துகளும் நினைவிருக்கும். "ஒரு பைக்குக்காக யாராவது வெட்டுவார்களா? வேறு ஏதாவது இருக்கும்" என்று பலர் எழுதினார்கள். இப்படிப்பட்ட செய்திகள் எல்லாவற்றிலும் ஒரு சொல் தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும்: முன்விரோதம். படிப்பவருக்கு ஒரு நிம்மதி கிடைக்கும். இரண்டு ஆட்களின் தகராறு, நமக்கு என்ன என்று அடுத்த செய்திக்குப் போய்விடலாம்.

அந்த முன்விரோதத்துக்கு என்ன வயது என்று நாம் கேட்டுப் பார்ப்போம்.

1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்தவர் ஜே.எச். ஹட்டன். இந்தியச் சாதிகளைப் பற்றி 1946இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் ராமநாதபுரம் மாவட்டம் பற்றி ஒரு பகுதி வருகிறது. சிவகங்கை தனி மாவட்டம் ஆனது 1985இல்தான். அதுவரை காரைக்குடியும் தேவகோட்டையும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தன.

1930 டிசம்பரில் அம்மாவட்டத்தின் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள் என்று ஹட்டன் பதிவு செய்கிறார். தங்கம், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன், கோட்டு கூடாது. முடியைக் கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடையும் செருப்பும் கூடாது.

மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியக் களஞ்சியங்கள் அழிக்கப்பட்டன, ஆடு மாடுகள் கொள்ளை போயின. அப்படியும் மக்கள் பணியவில்லை. அதனால் 1931 ஜூனில் பட்டியல் பதினொன்றாக வளர்ந்தது. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதாரின் மாடுதான் மேய்க்க வேண்டும். நிலத்தை வாரத்துக்கோ குத்தகைக்கோ எடுக்கக் கூடாது. சொந்த நிலம் இருந்தால் மிராசுதாருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும், இல்லையென்றால் பாசனத் தண்ணீர் கிடையாது. காலை ஏழு மணி முதல் மாலை ஆறு மணி வரை வேலை. ஆணுக்கு நான்கு அணா, பெண்ணுக்கு இரண்டு அணா கூலி. கல்யாணத்தில் மேளம் கூடாது. மாப்பிள்ளை குதிரையில் ஊர்வலம் போகக் கூடாது.

இந்தப் பட்டியலைப் படித்து "அந்தக் காலத்தில் இப்படியெல்லாம் இருந்ததே" என்று பெருமூச்சு விட்டால் போதாது. தடை போட்டதற்கு என்ன காரணம்? ஒருவரும் செய்யாத ஒன்றை எந்த ஊரிலும் தடுக்க மாட்டார்கள். அன்றைக்கு ஆதிதிராவிடர்கள் சட்டை போடத் தொடங்கிவிட்டார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பத் தொடங்கிவிட்டார்கள், காசு சேர்த்து நிலமும் வாங்கியிருக்கிறார்கள். பட்டியலின் ஒவ்வொரு வரியும் அவர்கள் முன்னேறியதற்கான சாட்சி. அவர்கள் நிலம் வாங்கினால் பண்ணையில் நான்கு அணாவுக்கு யார் நிற்பார்கள்? குதிரைக்கும் கூலிக்கும் ஒரே பட்டியலில் இடம் கிடைத்தது இதனால்தான்.

பட்டியல் அத்துடன் முடிந்ததா? 1979இல் தேவகோட்டைப் பக்கம் உஞ்சனையில் புரவியெடுப்புத் திருவிழாவில் உரிமை கேட்ட பிரச்சினையில் ஐந்து தலித்துகள் கொல்லப்பட்டார்கள். 1998இல் கண்டதேவிக் கோயில் தேரின் வடத்தைத் தொடும் உரிமையைத் தலித்துகள் கேட்டார்கள். வழக்கு, காவல், தடை என்று போய், 2006க்குப் பிறகு தேர் நின்றே போனது. 2024 ஜூன் 21 அன்று நீதிமன்றக் கண்காணிப்பில், போலீஸ் குவிப்புக்கு நடுவேதான் மறுபடி ஓடியது. 2018 மே 28 இரவு கச்சநத்தத்தில் புகுந்து வெட்டியதில் மூன்று தலித்துகள் உயிரிழந்தார்கள். கோயில் மரியாதைத் தகராறும், ஓர் இளைஞர் ஆதிக்கச் சாதியினர் முன்னால் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்ததும் அன்றைய செய்திகளில் காரணங்களாக வந்தன.

குடை, செருப்பு, குதிரை, வடம், கால் மேல் கால், புல்லட். பொருள் மாறியிருக்கிறது, தடை மாறவில்லை.

இனி இரண்டாவது பட்டியல். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. 2015இல் நிறைவேறிய திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் மூன்றாவது பிரிவை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்போ புத்தாடையோ அணிவதை, கல்யாண ஊர்வலம் போவதை, அந்த ஊர்வலத்தில் குதிரையிலோ வாகனத்திலோ ஏறுவதைத் தடுப்பது குற்றம் என்று வரிசையாகச் சொல்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை.

ஹட்டன் பதிவு செய்த பட்டியலின் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். ஊர் எழுதிய தடையை நாடாளுமன்றம் வரிக்கு வரி மறுத்து எழுதியதுபோல் இருக்கும். "பைக்குக்காக வெட்டுவார்களா?" என்று கேட்பவரிடம் சண்டை போட வேண்டாம், தோழர்களே. மோட்டார் சைக்கிள் என்ற சொல் ஒரு தண்டனைச் சட்டத்துக்குள் எப்படி வந்தது என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். எந்த வழக்கிலும் யார் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதும் இடம் நம் செல்பேசி கிடையாது. சாட்சியை விசாரித்து நீதிமன்றம் சொல்லட்டும். முன்விரோதம் என்று ஒரு சொல்லைப் போட்டு விசாரணைக்கு முன்பே கதவைச் சாத்துகிறார்களே, அங்கேதான் நாம் பேச வேண்டும். விரோதம் எதில் தொடங்கியது? இவர் எந்தத் தடையை மீறினார்? அந்தத் தடையால் யாருக்கு என்ன லாபம்? இந்த மூன்றையும் கேட்டால் பேச்சு தானாக ஆழம் போகும்.

கோபம் இரண்டு நாள்தான் இருக்கும். வழக்கு அப்படி இல்லை. கச்சநத்தம் வழக்கில் சிவகங்கை சிறப்பு நீதிமன்றம் 27 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது 2022 ஆகஸ்டில். நான்கு ஆண்டுகள் ஆயின. பிறழாமல் நின்ற சாட்சிகள்தான் அந்தத் தீர்ப்பை வாங்கித் தந்தார்கள். அதே ஊரில் குடியிருந்துகொண்டு, அதே பாதையில் நடந்துகொண்டு நின்றார்கள். 2018இல் படத்தைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் 2022இல் தீர்ப்பைப் படித்தோம்?

சட்ட விதிப்படி காவல் துணைக் கண்காணிப்பாளர் விசாரித்து 60 நாளில் குற்றப்பத்திரிகை தர வேண்டும். கூடுமானவரை அடுத்த இரண்டு மாதத்தில் விசாரணை முடிய வேண்டும். 15ஏ பிரிவு பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பு தரச் சொல்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். கூடியதா, என்ன பேசியது என்று பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். இவற்றைச் செய்யப் பெரிய இயக்கம் வேண்டியதில்லை. நான்கு பேரும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால் போதும்.

இங்கே ஆதிக்கச் சாதி வீடுகளில் பிறந்த தோழர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். தலித் தோழர்கள் பேசினால் அது அவர்கள் பிரச்சினை ஆகிவிடுகிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "அவனுங்களுக்கு இப்பல்லாம் திமிரு கூடிப்போச்சு" என்று சித்தப்பா எழுதும்போது அங்கே பதில் சொல்லக்கூடியவர் நீங்கள் மட்டும்தான். அந்தத் திமிர் என்ற சொல்லுக்குள் பழைய பட்டியல் முழுவதும் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. மரியாதையாகவே கேளுங்கள்: "எதைத் திமிர் என்கிறீர்கள் சித்தப்பா? சட்டை போட்டதையா, வண்டி வாங்கினதையா, படிச்சதையா?"

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு வழக்கை எடுத்து வாருங்கள். இந்த மாவட்டத்து வழக்காக இருக்கட்டும். குற்றப்பத்திரிகை போட்டாயிற்றா, சாட்சிக்குப் பாதுகாப்பு உண்டா, அடுத்த வாய்தா எப்போது என்று எழுதி வாருங்கள். தீர்ப்பு வரும் வரை அந்த வழக்கு உங்கள் பொறுப்பு.