பராக்கு என்றும் பஞ்சி என்றும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், 1995ஆம் ஆண்டு ஆண்டு 8 வகுப்பில் பயின்ற பழைய மாணவிகள் சார்பில் ஆற்றிய உரை)



எங்களுக்குத் தந்திருப்பது பத்து நிமிடம். பள்ளிக்கால நினைவுகளைப் பேச நிறையப் பேர் இருக்கிறீர்கள். நாங்கள் எடுத்த விஷயம் வேறு. எங்கள் வகுப்பில் மூன்று பேருக்கு, நாற்பது வயதுக்குக் கிட்ட வந்தபிறகு, ஏ.டி.எச்.டி இருப்பதாக மனநல வைத்தியர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒருத்தி ரொறன்ரோவில், ஒருத்தி இலண்டனில், ஒருத்தி அச்சுவேலியிலேயே இருக்கிறாள். மூவரின் சம்மதத்தோடுதான் இங்கே பேசுகிறோம்.

தமிழில் இதை அவதானக் குறைபாடு, மிகைச் செயற்பாடு என்று நீட்டி எழுதுவார்கள். அந்தச் சொற்கள் வருவதற்கு முன்பே எங்கள் ஊரில் இரண்டு சொற்கள் இருந்தன. பாடம் நடக்கையில் யன்னலால் வெளியே பார்க்கிற பிள்ளை பராக்கு. கொப்பியைத் தொடங்கிவிட்டு முடிக்காத பிள்ளை பஞ்சி. அந்தப் பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையில் "கெட்டிக்காரி, முயற்சி போதாது" என்று வரும். கலியாணம் கட்டியபின் அவளுக்கே "பொறுப்பில்லாதவள்" என்று பெயர் மாறும். அடுப்பில் பால் பொங்கி வழியும். கையில் காசு இருந்தும் சீட்டுக்காசு கட்டுகிற நாள் தப்பிவிடும். துறப்பைத் தேடியே அரைநாள் போகும். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் கை நிறைய வேலை செய்வாள், ஒன்றும் முடிந்திராது. வெளியே சிரித்துவிட்டு, இரவில் "எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்று அழுவாள். இருபது வருடம் அப்படி அழுதவர்கள் எங்கள் மூவரும்.

குறைபாடு என்ற சொல்லே எங்களுக்குச் சரியாகப் படவில்லை. இந்தச் செம்மண்ணில் தோட்டம் செய்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு ஒரு உதாரணம் சொல்கிறோம். வெங்காயத்துக்கு இறைக்கும்போது ஒருவர் மண்வெட்டியோடு வாய்க்காலடியில் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீரை மாறிவிடுவார். இவளுடைய கிணற்றில் தண்ணீர் குறைவில்லை. மாறிவிடுகிற ஆள்தான் தன்பாட்டில் வருகிறார், தன்பாட்டில் போகிறார். அதனால் ஒரு பாத்தி நிறைந்து வரம்பு உடைய, பக்கத்துப் பாத்தி காய்கிறது. பிடித்த வேலை என்றால் சாப்பாடு மறந்து சாமம் இரண்டு மணிவரை தைப்பவள், ஒரு பக்க விண்ணப்பப் படிவத்தை மூன்று மாதம் மேசையில் வைத்திருப்பது இதனால்தான். "மனம் வைத்தால் செய்வாய்தானே" என்று அவளிடம் சொல்வதில் பயனில்லை. மனம் வைக்கிற இடத்தில்தான் சிக்கல்.

மூளையில் டோபமின், நோர்அட்ரெனலின் என்ற இரசாயனங்கள் வேலை செய்கிற விதத்தோடு இது சம்பந்தப்பட்டது என்கிறார்கள். பரம்பரையின் பங்கும் பெரிது. ரொறன்ரோத் தோழி தன் மகனைப் பரிசோதிக்கக் கொண்டுபோனாள். வைத்தியர் மகனைப் பற்றிக் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் இவள் தன்னைப் பற்றியே பதில் சொல்லிக்கொண்டிருந்தாளாம். பிள்ளைக்குப் பார்க்கப்போய்த் தாய்க்குத் தெரியவருவது உலகம் முழுக்க நடக்கிற விஷயம்.

இது புதுநாகரிக வருத்தமுமல்ல. 1798இல் ஸ்கொட்லாந்து வைத்தியர் அலெக்சாண்டர் கிரைட்டன் இப்படியான கவனச் சிதறலைப் பற்றி எழுதினார். 1902இல் இலண்டனில் ஜோர்ஜ் ஸ்ரில் விரிவுரை செய்தபோது காட்டிய பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆண்கள். அதன்பின் நெடுங்காலம் கதிரையில் ஏறிக் குதிக்கிற பையன்தான் இதற்கு அடையாளம். துள்ளாமல், பேசாமல், உள்ளுக்குள் எங்கேயோ போய்விடுகிற பெண்பிள்ளையை ஆரும் காணவில்லை. அமைதியான பிள்ளை என்று நல்ல பெயர் வேறு.

இனி, நாங்கள் இந்த மேடையைக் கேட்டு வாங்கியதன் காரணத்துக்கு வருகிறோம்.

பெரியவர்களுக்கு இதை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனையோ படமோ கிடையாது. சின்ன வயதிலேயே இருந்ததா என்று வைத்தியர் கேட்பார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேட்டின்படி, 12 வயதுக்கு முன்பே பல அறிகுறிகள் தெரிந்திருக்கவேண்டும். பழைய தேர்ச்சி அறிக்கைகளைக் கொண்டுவா, தாய் தகப்பனைக் கூட்டிவா என்பார்கள். இலண்டன் தோழியிடமும் அப்படித்தான் கேட்டார்கள்.

எங்களிடம் எந்த அறிக்கை இருக்கிறது? 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே எழும்பியது. நாங்கள் வல்லை வெளியைக் கடந்து வடமராட்சிக்கும், வேறு சிலர் தென்மராட்சிக்கும் போனோம். நகையும் காணி உறுதியும் எடுத்தவர்கள் உண்டு, றிப்போட் எடுத்தவர்கள் இல்லை. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது பல வீடுகளில் கூரையே இல்லை. அவளுடைய தாயும் தகப்பனும் இப்போது உயிரோடு இல்லை.

அப்போது நாங்கள் நான்கு பேர் இருந்து, ஆண்டு 3 முதல் ஆண்டு 6 வரை அவளைப் பற்றி ஞாபகமானதை எல்லாம் எழுதினோம். ஒரு தவணையில் அவள் துலைத்த குடைகள் மூன்று. கணக்குச் சோதனையில் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் கொடுத்தது இரண்டு தரம். பேச்சுப் போட்டியில் எழுதிப் பாடமாக்கியதை மறந்து, அந்த இடத்திலேயே வேறொன்று பேசி முதற்பரிசு வாங்கியதும் அதில் இருந்தது. நாலரைப் பக்கம். அங்கே ஒருவரைக் கொண்டு மொழிபெயர்த்துக் கொடுத்தாள். ஓர் ஆளின் பன்னிரண்டு வயதுக்கு முந்திய சாட்சியாக அந்தக் கடிதம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

ஒரு எச்சரிக்கை. மறதி எல்லாம் ஏ.டி.எச்.டி அல்ல. தைரொயிட், இரத்தச்சோகை, நித்திரைக் குறைவு, மனச்சோர்வு எல்லாம் கவனத்தைக் குலைக்கும். யுத்தமும் குலைத்தது. பேராசிரியர் தயா சோமசுந்தரத்தின் 'மனவடு' வாசித்தவர்களுக்கு அது தெரியும். ஷெல்லடிக்குப் பிறகு தொடங்கியதா, அதற்கு முன்பே இருந்ததா என்று பிரித்தறிய வேண்டும். அதற்கும் சின்ன வயதில் கூட இருந்தவர்கள்தான் தேவை. யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. அங்கொடைப் பகிடிகளுக்குப் பயந்து போகாமலிருக்க வேண்டாம். மருந்து வேணுமா என்பது இருதயத்தையும் பிறஷரையும் பார்த்து வைத்தியர் தீர்மானிப்பது. மற்றவரின் குளிசையை வாங்கிப் போடாதேங்கோ.

தெரிந்தவுடன் சந்தோசமாக இருக்கும் என்று நினைத்தோம். முதலில் வந்தது கவலை. விட்ட படிப்பு, விட்ட வேலை, வாங்கின பேச்சு எல்லாம் வரிசையாக ஞாபகம் வரும். அதற்கு ஆறு மாதமாவது கொடுக்கவேணும். இது ஒரு வரம் என்று சிலர் சொல்கிறார்கள். காணாமல்போன துறப்பைத் தேடுகிற ஆளிடம் அதைச் சொல்லிப் பாருங்கோ. எங்களுக்கு அது வரமுமில்லை, சாபமுமில்லை. கண்ணாடி போடுகிறவர் கண்ணை ஏசுவதில்லை. அந்த அளவில் எங்கள் மூவரும் நிற்கிறார்கள்.

ஊரில் இருப்பவள் கதவு நிலையில் ஓர் ஆணி அடித்தாள். துறப்புக்கு அதைவிட வேறு இடமில்லை. அடுப்பில் பால் இருக்கும்வரை குசினியை விட்டு வெளியே வருவதில்லை. சீட்டுக்காசைச் சம்பளம் வந்த அன்றே கட்டிவிடுகிறாள். எல்லாவற்றிலும் பலன் தந்தது கூட்டாக இருப்பது. சோதனைக் காலத்தில் ஒரு மேசையைச் சுற்றி இருந்து படித்தோமே, அதே முறைதான். சனிக்கிழமைகளில் இங்கே பின்னேரம் 7:30, ரொறன்ரோவில் கோடைகாலமென்றால் காலை 10. வட்சப்பில் முகம் தெரிய வைத்துக்கொண்டு இவள் பில்களை அடுக்க, அவள் உடுப்பு மடிப்பாள். கதை குறைவு. ஆள் இருக்கிறது என்பதே போதும், கை வேலையில் நிற்கிறது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் வகுப்பு மண்டபத்தின் பின்பக்க விறாந்தையில் இருக்கும். உங்கள் வகுப்பில் ஆருக்காவது இப்படியொரு கடிதம் தேவையென்றால் வாருங்கோ. வெளிநாட்டில் இருந்து கேட்டவர்கள் இரண்டு பேரின் பெயர் ஏற்கெனவே கையில் இருக்கிறது, இருவரும் எங்களுக்கு நாலு வருடம் மூத்த அக்காமார். அவர்களோடு ஆண்டு 5இல் ஒரே வாங்கில் இருந்தவர்கள் இந்த மண்டபத்தில் இருந்தால், தயவுசெய்து போகமுன் எங்களைக் காணுங்கோ. கொப்பியும் பேனையும் கொண்டுவந்திருக்கிறோம்.