கால்: ஒரு சொல்லும் ஒரு குறியும்

ஒன்றை நான்காகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்கு கால். பழைய ஓலைக் கணக்குகளில் அதற்குரிய குறி வகரத்தின் வடிவம். எட்டுக்குரிய குறி அகரத்தின் வடிவம். எனவே எட்டேகாலைக் குறியால் எழுதினால் ‘அவ’ என்று படிக்கலாம். ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்றில் ‘அவலட்சணம்’ என்ற வசை இந்தக் குறிகளுக்குள்தான் பொதிந்திருக்கிறது. பின்னக் குறி தெரிந்தவர்களுக்கு முன்னால்தான் அப்படிப் பாட முடியும்.

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலில் இதே சொல் வேறு பொருள்களில் நிற்கிறது. கார்த்திகை தீபத் திருவிழாவுக்கு வெகு நாள் முன்பே ராஜகோபுரத்தின் முன் பந்தக்கால் நடுவார்கள். அந்தக் கால் கம்பம். உள்ளே கிருஷ்ணதேவராயர் கட்டிய ஆயிரங்கால் மண்டபத்தில் கால் என்பது தூண். வாய்க்கால், துணைக்கால் என்று இன்னும் பல உண்டு. ஆனாலும் எண்ணுக்கும் தூணுக்கும் குழப்பம் வருவதில்லை. ஆயிரங்கால் என்றால் ஆயிரம் தூண். ஆயிரத்தேகால் என்றால் ஆயிரமும் அதற்கு மேல் காலும். நடுவில் வரும் ஏகாரமே கூட்டல் குறி.

ஏகாரம் இல்லாவிட்டால் பெரும்பாலும் பெருக்கல். அரைக்கால் என்பது அரையும் காலும் சேர்ந்தது அன்று. காலில் பாதி, அதாவது எட்டில் ஒன்று. மூன்று கால் முக்கால். காலே அரைக்கால் என்றால் எட்டில் மூன்று. அரைக்காலில் பாதி வீசம், பதினாறில் ஒன்று. ‘முக்காலே மூணு வீசம் முடிஞ்சாச்சு’ என்று பேச்சில் சொல்கிறோமே, அது பதினாறில் பதினைந்து பங்கு; முழுமைக்கு ஒரு வீசம்தான் பாக்கி. பேச்சுவழக்கில் இவ்வளவு துல்லியமான பின்னம் தங்கியிருப்பது பெருமைக்குரியது.

கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாக இறங்கும் வரிசைக்குப் பக்கத்தில் மா வரிசை ஒன்றும் உண்டு. மா இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. ஐந்து மா சேர்ந்தால் கால். மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி, அதுதான் வீசம். ஏகாரம் இல்லாமலே கூட்டலாக நிற்கும் சொல் இது. இரண்டு வரிசையும் இப்படிப் பொருந்துவதால் எந்தப் பங்கையும் முந்திரிக் கணக்கில் முழு எண்ணாகச் சொல்லிவிடலாம். காலுக்கு 80 முந்திரி.

இந்தக் கணக்கு நிலத்துக்கு மிகவும் தேவைப்பட்டது. இருபது மா ஒரு வேலி. திருவண்ணாமலைக் கோயில் சுவர்களில் சோழர் காலம் தொட்டு நிலக்கொடைகளும் விளக்குக் கொடைகளும் வெட்டப்பட்டுள்ளன. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1990-இல் அவற்றை நூலாக வெளியிட்டது. தஞ்சைப் பெரியகோயிலில் ராஜராஜன் கல்வெட்டுகள் முந்திரிக்கும் கீழே இறங்குகின்றன. ‘கீழ்’ என்று சேர்த்தால் முந்நூற்று இருபதால் வகுக்க வேண்டும். கீழ்க்கால் என்றால் 1,280-இல் ஒரு பங்கு. வேலியில் அத்தனை சிறிய துண்டையும் வரிக்கணக்கு விட்டுவைக்கவில்லை.

திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியில் இந்த வாய்பாடுகளை மனப்பாடம் செய்தார்கள். நாணயத்தில் காலணா இருந்தது; ரூபாயில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. 1957-இல் தசமக் காசு வந்ததும் அது போயிற்று. கால் ரூபாயான நாலணாவும் 2011-இல் செல்லாக் காசானது. பின்னக் குறிகள் 2019-இல் யூனிகோடில் இடம்பெற்றன. ‘கீழ்’ என்பதற்கும் அங்கே தனிக் குறி உண்டு.

குறி மறைந்தாலும் சொல் கடைத்தெருவில் இருக்கிறது. கால் கிலோ கேட்டால், 250 கிராமுக்குத் தனிப் படிக்கல் கிடையாது என்பதால் கடைக்காரர் 200-ஐயும் 50-ஐயும் சேர்த்துத் தட்டில் வைக்கிறார். அரைக்கால் கிலோ கேட்பவர் அருகிவிட்டார்கள். அந்த இடத்தில் நூறு கிராம் வந்துவிட்டது.