காபியை விட்டபின் வரும் அசதி
(குடியிருப்போர் கூட்டத்தில் பேசியது)

படபடப்பு குறையட்டும் என்று காபியையும் மதுவையும் விட்டவர்கள் நம் பிளாக்கிலேயே சிலர் இருக்கிறோம். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "விட்ட பிறகு ஏன் சார் இவ்வளவு அசதி?"

களைப்பை உணர்த்தும் அடினோசின் என்ற பொருள் மூளையில் நாள் முழுக்கச் சேர்கிறது. காஃபின் அதை மறைக்குமே தவிர, போக்காது. வங்கி பாஷையில் ஓவர்டிராஃப்ட். நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி, அசதி தொடங்கும். இரண்டாம் நாள் கடுமை. பெரும்பாலும் 9 நாளுக்குள் அடங்கிவிடும். நான் அரை டம்ளர், கால் டம்ளர் என்று குறைத்தேன். டீக்கு மாறினால் கணக்கு தீராது, அதிலும் காஃபின் உண்டு.

மது விஷயம் வேறு. விட்டபின் தூக்கம் சீராகச் சில வாரங்கள்கூட ஆகலாம். ஆனால் தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தவே கூடாது. கை நடுக்கம், வலிப்பு வரை போகும், உயிருக்கே ஆபத்து. வீட்டாருக்குச் சொல்லி, டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான். இதில் வீரம் வேண்டாம்.

மாதம் கடந்தும் அசதி என்றால் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை பார்த்துவிடுங்கள்.

காலை 6 மணிக்கு மொட்டை மாடியில் நடக்கிறோம், வாருங்கள். மூன்றாம் மாடியிலிருந்து டிகாக்ஷன் வாசனை வரும். அதற்கு மட்டும் என்னிடம் வழியில்லை.