தனியே போன நான்கு நாள்

(மாதர் கூட்டமொன்றில் ஒரு தோழர் ஆற்றிய சொற்பொழிவின் சாரம்)



ஆப்பிரிக்காவில் நான் செய்துவந்த தொண்டைப்பற்றிப் பேசவேண்டுமென்று இக்கூட்டத்தார் கேட்டுக்கொண்டார்கள். தொண்டைப்பற்றித் தொண்டு செய்தவளே பேசினால் அது தற்புகழ்ச்சியாய் முடியுமே ஒழிய, கேட்பவர்களுக்கு அதனால் லாபமொன்றுமில்லை. ஆகையால், தொண்டுக்கு நடுவில் கிடைத்த நான்கு நாள் ஓய்வில் நான் தன்னந்தனியே செய்த ஒரு பிரயாணத்தைப்பற்றியே சில வார்த்தைகள் சொல்லப்போகிறேன்.

மேற்கு ஆப்பிரிக்காவில் கானா என்பது ஒரு தேசம். ஆங்கிலேயர் ஆட்சியில் ‘பொன் கடற்கரை’ என்று பெயர் பெற்றிருந்து, 1957-ல் விடுதலை அடைந்தது. அங்கே குமாசி நகரத்துக்கு அருகில் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. விடுமுறை வந்தது. கூட இருந்த தொண்டர்கள் ஆளுக்கொரு பக்கம் புறப்பட்டார்கள். நான் கடற்கரையிலுள்ள கேப் கோஸ்ட் என்னும் ஊருக்குத் தனியே போவதென்று தீர்மானித்தேன்.

இச்சங்கதி வீட்டுக்கு எட்டியதும் என் தாயார் கேட்ட முதல் கேள்வி, “தனியாகவா?” என்பதுதான். இதே வயதில் என் தமையன் ஊர் ஊராய்ச் சுற்றியபோது அவனை யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஆணுக்குப் பிரயாணம் அனுபவமாம். பெண்ணுக்கு மட்டும் அது அபாயமாம். எச்சரிக்கை வேண்டாமென்று நான் சொல்லவரவில்லை. தங்கப்போகும் இடத்தைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்தேன். பணத்தை இரண்டு இடமாகப் பிரித்து வைத்துக்கொண்டேன். கொசுவலையும் மலேரியா மாத்திரையும் எடுத்துக்கொண்டேன். இவை ஆணுக்கும் வேண்டியவைதானே!

அந்நாட்டில் ‘டிரோட்ரோ’ என்று ஒருவகை வேன் ஓடுகிறது. அதற்கு நேரமென்று ஒன்று கிடையாது. ஆள் நிறைந்தால்தான் நகரும். பகலிலேயே போய்ச் சேரலாமென்ற என் கணக்கு அதனால் தவறிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சந்தைக்காரம்மாள், என்னை ஒரு வார்த்தையும் கேளாமல் தன் குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு, தன் மூட்டையைச் சரிசெய்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? குழந்தையை ஒரு கையாலும் என் பையை மறு கையாலும் கெட்டியாய்ப் பிடித்துக்கொண்டேன்.

இருட்டிய பிறகு ஊர் வந்து சேர்ந்தோம். விடுதி இருக்குமிடம் எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மாள் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, விடுதி வாசல்வரை என்னோடு நடந்து வந்து விட்டுவிட்டுப் போனாள். கூலி கொடுக்கப் போனேன், சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டாள். தோழர்களே! அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த ஜனங்களுக்கு உதவி செய்ய வந்தவள் நான் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்? அவள் தன் பிள்ளையையே என்னிடம் நம்பிக் கொடுத்தாள். நானோ அவளை நம்பி என் பையை விட்டுவைக்கவில்லை. இவ்விருவரில் யார் யாருக்குப் பாடம் சொல்லவேண்டும்?

மறுநாள் விடுதிக்காரர் நான் பிறந்த கிழமையைக் கேட்டார். வெள்ளி என்றேன். “அப்படியானால் நீ எஃபுவா” என்றார். அங்கே அக்கான் மக்கள் பிள்ளைகளுக்குப் பிறந்த கிழமையால் ஒரு பெயர் வைப்பது வழக்கம். சனிக்கிழமை ஆண்பிள்ளை குவாமே. வெள்ளிக்கிழமை ஆண்பிள்ளை கோஃபி. அந்நாட்டின் முதல் தலைவர் குவாமே நுக்ருமா, ஐக்கிய நாடுகள் சபைக்குத் தலைமைச் செயலாளராயிருந்த கோஃபி அன்னான் ஆகியோர் பெயர்கள் இவ்வகையைச் சேர்ந்தவையே. நம் ஊரில் பெயரைச் சொன்னவுடன், “நீங்கள் என்ன ஆளுங்க?” என்றல்லவா அடுத்த கேள்வி வருகிறது! அங்கே அப்பெயரைக் கேட்டவனுக்கு என் கிழமை தெரிந்ததேயன்றி ஜாதி தெரியவில்லை.

பிறகு கடலோரத்திலுள்ள கோட்டையைப் பார்க்கப் போனேன். 17-ம் நூற்றாண்டில் சுவீடன் தேசத்தார் ஆரம்பித்து, பின்பு ஆங்கிலேயர் கைக்கு வந்த கட்டடம் அது. வெளியே பார்த்தால் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புப் பூச்சு. தரைக்குக் கீழேயோ அடிமைகளை அடைத்துவைத்த நிலவறைகள். காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் உயரத்தில் சில சிறு துவாரங்களே உண்டு. கப்பல் வரும்வரையில் நூற்றுக்கணக்கான மனிதர்கள் அவ்விருட்டில், தங்கள் மலஜலத்தின்மீதே கிடந்தார்கள். பிறகு கடலை நோக்கிய ஒரு வாசல் வழியாகக் கப்பலேற்றப்பட்டார்கள். ‘திரும்பிவராத வாசல்’ என்று இப்போது அதற்குப் பெயர். பிடித்து விற்றதில் அந்நாட்டு அரசர்களுக்கும் வியாபாரிகளுக்கும் பங்கு உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

எல்லாவற்றிலும் என்னை அசையவொட்டாமல் நிறுத்தியது ஒரு சங்கதி. ஆண் அடிமைகளின் நிலவறைக்கு நேர்மேலே மாதாகோயில் கட்டி வைத்திருந்தார்கள். மேலே ஜெபம், கீழே முனகல். ஜெபித்தவர்கள் காதில் அது விழாமலா இருந்திருக்கும்? அடிமை வியாபாரத்தை ஆங்கிலேயர் சட்டத்தால் தடுத்தது 1807-ல்தான். அங்கே நின்று அவர்களைக் கோபிப்பது எனக்குச் சுலபமாயிருந்தது. ஆனால் நம் கோயிலுக்குள் பூஜை நடந்த காலமெல்லாம், வாசலுக்கு வெளியே நம்மவரே நம்மவரை நிறுத்தி வைத்திருந்ததை நினைத்தபோது, அந்தக் கோபம் வந்த வழியே என்மேல் திரும்பிற்று.

கூட ஆள் இருந்திருந்தால் நான் பேச்சில் அதைக் கரைத்திருப்பேன். படம் பிடித்துக்கொண்டு போயிருப்பேன். தனியாயிருந்ததால் தப்ப வழியில்லாமற் போயிற்று. வெளியே வந்து கடற்கரையில் உட்கார்ந்து, வாழையிலையில் கட்டி அவித்த மக்காச்சோளக் கென்கேயும் பொரித்த மீனும் வாங்கித் தின்றுகொண்டு, பொழுது சாயும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியபின் நான் ஒரு காரியத்தை மாற்றிக்கொண்டேன். அதுவரை சொல்லிக்கொடுக்க மட்டுமே வகுப்புக்குள் நுழைந்தவள், தினம் ஒரு வார்த்தை அவர்கள் பாஷையில் பிள்ளைகளிடம் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். நான் தப்பாய் உச்சரித்தால் அவர்கள் சிரிப்பார்கள். அப்படிச் சிரித்த பிறகே கணக்கிலும் தைரியமாய்ச் சந்தேகம் கேட்டார்கள்.

ஆகவே தாய்மார்களே! உங்கள் பெண் ஒருநாள் வெளியூர் போகிறேனென்றால், “தனியாகவா?” என்று கேட்டுத் தடுக்காதீர்கள். “எங்கே தங்குவாய்? கையில் பணம் இருக்கிறதா? வந்து என்ன பார்த்தாய் என்று சொல்லுவாயா?” என்று கேட்டு அனுப்பி வையுங்கள்.