மனையியலில் யாருடைய மனை?

(கோவையில் மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒன்றிய அரசு 2023இல் விஸ்வகர்மா திட்டத்தைக் கொண்டுவந்தபோது, இது புதிய குலக்கல்வி என்று நாம் எல்லோரும் எழுதினோம். 18 தொழில்கள், அதுவும் குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. தமிழ்நாடு அரசும் 2024 நவம்பரில் அதை ஏற்க மறுத்தது. சரிதான். ஆனால் குலக்கல்வி என்றதும் நம் கண்முன் வருவது சவரத் தொழிலாளியின் மகன், செருப்புத் தைப்பவரின் மகன். மகள் எங்கே போனாள்?

1953 ஜூனில் ராஜாஜி கொண்டுவந்த திட்டப்படி, கிராமத்துத் தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம்தான் வகுப்பு. மீதி நேரம் பையன் அப்பாவிடம் தொழில் பழக வேண்டும். பெண் அம்மாவிடம் சமையலும் வீட்டு வேலையும் பழக வேண்டும். பெரியார் எதிர்த்தார், ராஜாஜி பதவி விலகினார், காமராசர் வந்தார். 1954 மே 18 அன்று திட்டம் கைவிடப்படுவதை அறிவித்தவர் நம் பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. அந்தப் பெண்ணைப் பற்றிய வரியில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள்.

அன்றைய கோவை மாவட்டத்தில் ஒரு பண்ணையாளின் மகளை, ஓர் அருந்ததியர் சிறுமியை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மா பகலில் வீட்டில் இருந்தால்தானே வீட்டு வேலை சொல்லித்தர முடியும்? அவர் விடிவதற்கு முன்பே பண்ணையத்துக்குப் போயிருப்பார். கவுண்டர் தோட்டத்தில் கட்டுத்தரை கூட்ட வேண்டும், சாணி அள்ள வேண்டும், களை எடுக்க வேண்டும். அந்த வீட்டுச் சமையலறைக்குள் மட்டும் கால் வைக்க முடியாது. ஆக, அம்மாவிடம் கற்றுக்கொள் என்று சர்க்கார் சொன்னால், அந்தப் பிள்ளைக்கு அதன் பொருள் அடுத்தவர் கட்டுத்தரைதான். திட்டம் எழுதியவர்களின் மனதில் இருந்த 'வீடு' அவளுடைய வீடு இல்லை.

மூன்றே வருடம் கழித்து, 1957இல், இதே கோவையில் மகளிர் மனையியல் கல்லூரி வருகிறது. தொடங்கியவர் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம். அங்கே சமையல் ஓர் ஆய்வகப் பாடம். புரதம், கலோரி, வைட்டமின், நுண்ணுயிரியல். கல்லூரியை வளர்த்த ராஜம்மாள் தேவதாஸ் அமெரிக்காவின் ஓஹையோவில் படித்து வந்த ஊட்டச்சத்து அறிஞர். 1988இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமே ஆனது.

இதை நான் கேலி செய்யவில்லை. பெண்ணியத் தோழர்கள் சிலர் மனையியலை 'மாப்பிள்ளை தேடும் பட்டம்' என்று ஒதுக்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அமெரிக்காவில் 1899இல் லேக் பிளாசிட் மாநாட்டைக் கூட்டி இந்தத் துறைக்கு வித்திட்ட எல்லன் ரிச்சர்ட்ஸ் ஒரு வேதியியலாளர். எம்ஐடியில் படித்த முதல் பெண். பெண்களுக்கு மூடிக் கிடந்த அறிவியலுக்குள் சமையலறை வழியாக ஒரு கதவைத் திறந்தார். நம் ஊரிலும், வேறு படிப்புக்கு அனுப்ப மறுத்த அப்பாக்கள் இதற்குச் சரி என்றார்கள். பல பெண்கள் ஆசிரியர்களாக, உணவியல் நிபுணர்களாக வெளியே வந்தார்கள். என் கேள்வி வேறு. அதே பத்தாண்டில் சமையல் ஒரு சிறுமிக்குப் பள்ளி நேரத்தைக் குறைக்கும் காரணமாகிறது, இன்னொரு பெண்ணுக்குப் பட்டமாகிறது. எது எவருக்கு என்று பிரித்தது எது?

ஊட்டச்சத்து அறிவு சத்துணவுக் கூடத்துக்கும் வந்தது. 1956இல் காமராசர், 1982இல் எம்ஜிஆர். எந்தக் குழந்தைக்கு எத்தனை கிராம் அரிசி, எத்தனை கிராம் பருப்பு என்று அட்டவணை இருக்கிறது. யார் கை சமைத்தது என்ற கேள்வி அந்த அட்டவணையில் இல்லை, ஊரில் இருக்கிறது. 2018 ஜூலையில் அவினாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளிக்குச் சமையலராக வந்த அருந்ததியர் பெண்ணைச் சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் தடுத்தார்கள். அதிகாரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? தடுத்தவர்களை விட்டுவிட்டு அவரை இடமாற்றம் செய்தார்கள். போராட்டத்துக்குப் பிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது.

அப்படியானால் தொழில்கல்வியே வேண்டாமா? அம்பேத்கர் அப்படிச் சொல்லவில்லை. 1942இல் வைசிராயிடம் அவர் கொடுத்த மனுவில் தொழில்நுட்பப் பயிற்சியும் ஒரு கோரிக்கை. எங்கே பயிற்சி கேட்டார்? அரசு அச்சகங்களில், ரயில்வே பட்டறைகளில். அப்பன் தொழில் இல்லாத இடங்களாகப் பார்த்துக் கேட்டார். கோவையில் லேத்தும் மோட்டாரும் கற்பிக்கத் தொழிற்கல்விக் கூடங்கள் வந்தன, பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரி 1951இல் வந்தது. நம் பெண்களுக்குப் 'பயிற்சி' என்ற சொல் மில் வழியாகத்தான் வந்தது. சுமங்கலித் திட்டத்தில் மூன்று வருடம் அப்ரண்டிஸ், விடுதிக்குள் அடைப்பு, முடிவில் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை. அங்கே சேர்ந்தவர்களில் பெரும்பகுதி தலித் மற்றும் பிற ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள். இங்கும் படிப்பின் முடிவில் நிற்பது கல்யாணம்தான், பட்டம் இல்லை.

கடைசியாக ஓர் உதவி கேட்கிறேன். அந்த ஓராண்டு அரை நாள் பள்ளியில் படித்தவர்களுக்கு இப்போது எண்பதை ஒட்டி வயது இருக்கும். அரசாணைகளிலும் சட்டமன்ற விவாதங்களிலும் அவர்கள் குரல் கிடைக்காது. உங்கள் அப்பத்தாவோ அம்மாயியோ அந்த வயதில் இருந்தால், மதியத்துக்கு மேல் எங்கே போனார்கள், யார் வீட்டில் என்ன வேலை செய்தார்கள் என்று கேளுங்கள். அவர்களுக்குச் சம்மதம் என்றால் பதிவு செய்யுங்கள். நான் வந்து கேட்கவும் தயார்.