ஒரு குறையால் ஒதுங்கலாமா?
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



போன வருடம் நம் அங்கத்தவர் ஒருவர், பத்திரிகையில் வெட்டிய விளம்பரம் ஒன்றைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு திரிந்தார். வெல்டிங் தொழிலாளர் தேவை என்பது விளம்பரம். கேட்டிருந்த ஆறு விடயங்களுள் ஐந்து அவர் கைவசம். ஆறாவது, 'ரிக்' முறை வெல்டிங். முடிவுத் திகதி கழிந்த பின்புதான் நமக்குக் காட்டினார். "அது தெரியாது அண்ணை, போட்டு என்ன பலன்?" என்றார். அவருக்குப் பின்னால் இரண்டு தங்கைமார் படிக்கிறார்கள் என்பதை நினைக்க நமக்கு நெஞ்சு கனத்தது.

தம்மிடம் இருந்ததை அவர் சரியாக எண்ணிப் பார்க்கவில்லை. மின்குச்சி கொண்டு ஒட்டுபவனுக்குக் கருவி பிடிக்க ஒரு கை போதும். 'ரிக்' முறையிலோ ஒரு கையில் தங்குதன் முனை கொண்ட கருவி. மறு கையால் நிரப்புக் கம்பியைச் சிறிது சிறிதாக உருகிய உலோகத்தினுள் ஊட்டவேண்டும். ஆகன் வாயு அதனைக் காற்றுப் படாமற் காக்கும். இந்த இருகைப் பழக்கம், ஒட்சிசன், அசற்றிலீன் சுவாலையில் நாலு வருடம் வேலை செய்த நம் தம்பிக்கு ஏற்கெனவே உண்டு. மின்னோட்டத்தை அளவறிந்து வைத்தலும், முனையைத் தீட்டுதலும், அது உருகிய உலோகத்திற் படாமற் பிடித்தலுமே புதிதாகப் பழக வேண்டியவை. இவை சிறியன என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் அரிச்சுவடியிலிருந்து தொடங்கும் வேலையும் அன்று.

ஆகவே உள்ளதை முதலில் எழுதுக. இல்லாததை மறையாது, அதற்கு அயலான திறமை எது உண்டு, மிகுதியைக் கற்க எங்கே தொடங்கியுள்ளோம் என்பதை இரண்டு வரியிற் சொல்லுக. தெரியாததைத் தெரியும் என்று எழுதுவோருக்கு, தொழிற் சோதனையிற் கருவியைக் கையில் தந்ததும் ஒரு நிமிடத்தில் குட்டு வெளிப்படும்.

எல்லாக் குறையும் ஒன்றல்ல. வர்த்தமானியில் வரும் அரசாங்கப் பதவிகளுக்கு, முடிவுத் திகதியன்று தகைமை யாவும் பூர்த்தியாயிருத்தல் வேண்டும் என்று கண்டிப்பாகப் போடுவார்கள். அங்கே கெஞ்சிப் பயனில்லை. கனரக வாகனம் ஓட்டும் அனுமதிப்பத்திரம் சட்டம் கேட்பது. அதற்கும் மாற்று இல்லை. தனியார் வேலைத்தலங்களிலேதான் பேச இடமுண்டு. தொழில் கையில் இருந்தும் தாள் இல்லாதவர்கள், தேசிய தொழிற் தகைமை முறையை விசாரியுங்கள். அதில் 7 மட்டங்கள் உள. பயிற்சி நிலையத்திற் படியாதவரையும், அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் வழங்க ஏற்பாடு உண்டு.

"எல்லாம் படித்து முடித்தபின் போடு" என்று இளைஞருக்குச் சொல்லும் பெரியோர்களுள் நாமும் ஒருவராய் இருந்தோம். அந்தத் தம்பியின் மடித்த விளம்பரத்தைக் கண்ட பிறகு சொல்வதில்லை.

அதே வேலைத்தலம் இந்த வருடம் மறுபடியும் ஆள் கேட்டது. இம்முறை கூடவிருந்து எழுதுவித்தோம். வருகிற கிழமை தொழிற் சோதனை. ஆகன் உருளை விலை கூடியது. ஆதலால் அங்கத்தவர் ஒருவரின் கொட்டிலில், அவர் வேலை முடிந்த பின் மாலையில் ஒரு மணி நேரம் பழகுகிறார். விளம்பரம் மடித்து வைத்திருக்கும் வேறு தம்பிமார் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குக் கொண்டு வாருங்கள். கடதாசியும் பேனாவும் நாம் வைத்திருப்போம்.